இளவேனிலும் இளநாற்றும்

இளவேனில் என்னும் சொல்லைச் சொல்லும்போதே நாவுக்கு ஓர் இதம் உண்டு. ஓராண்டை ஆறு பெரும்பொழுதாக வகுத்த நம் முன்னோர், காரும் கூதிரும் கழிந்து, முன்பனியும் பின்பனியும் கழிந்தபின் வரும் சித்திரை வைகாசித் திங்கள்களுக்கு இப்பெயரைச் சூட்டினர். மாவும் வேம்பும் பூத்து நிற்பதும், குயில் கூவுவதும், தென்றல் உலாவுவதும் இக்காலத்திலேதான். நம் புலவர்கள் இளவேனிலை நொந்து பாடியதுண்டு. ஆனால், வருவேன் என்றவர் வரவில்லையே என்பதுதான் அந்த நோவுக்குக் காரணம். அந்தப் பருவமே உயிரைக் கொல்லும் என்று அஞ்சியவர் நம்மிடையே இல்லை.

ஆங்கிலேயரின் 'ஸ்பிரிங்' என்னும் பருவத்தை நாம் இளவேனில் என்றும் வசந்தம் என்றும் மொழிபெயர்த்து வருகிறோம். அதிலே பிழை சொல்வதற்கில்லை. வேறு சொல்லும் நம்மிடம் இல்லை. எனினும் அம்மொழிபெயர்ப்பைப் படிக்கும் மாணவன் ஒன்றை அறிந்து படித்தல் வேண்டும். குளிர்நாட்டு இளவேனில் பூவோடும் புள்ளோடும் வருவது உண்மையே. அதனோடு கூடவே இளம்பயிருக்குக் கூற்றமும் வருகின்றது. அந்நாடுகளிலே கொடிய மாரிக்காலத்தில் தோட்டக்காரன் இழப்பது சொற்பம். வெளியிலே அவனுக்கு மென்பயிர் எதுவும் இல்லை. கோடையிலும் உறைபனிக்கு அஞ்சவேண்டியதில்லை. இடைப்பட்ட இந்த இளவேனிலிலேதான் பகல்வெயில் நாற்றை 'வா' என்று வெளியே அழைக்கின்றது. பத்து நாள் நல்ல முகம் காட்டுகின்றது. பதினோராம் நாள் இரவு ஒன்றிலே அனைத்தையும் கருக்கிவிடுகின்றது. இளம்பயிருக்குப் பகை குளிர் மாத்திரமன்று. குளிரின் நிலையில்லாத் தன்மையே பெரும்பகை.

இதனை நான் எழுத நேர்ந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். முன்னர் என்னிடம் தமிழ் படித்த ஒருவர் இப்போது கனடாவிலே ரொறன்ரோ நகருக்கு அண்மையில் வாழ்கிறார். விஞ்ஞானப் பிரிவில் தேறியவர். கணக்கு வழக்குகளில் வல்லவர். ஊர்ப் பழக்கம் விடாதபடியால் வீட்டின் பின்புறத்தில் நாலு பாத்தி கட்டி, மிளகாயும் கத்தரியும் தக்காளியும் வைக்கிறார். அந்நாட்டிலே பங்குனி மாதத்தில் விதையை வெளியே தூவ முடியாது. வீட்டுக்குள்ளே சிறு கிண்ணங்களில் விதைத்து, யன்னலோரத்து வெளிச்சத்தில் ஆறு எட்டு வாரம் வளர்த்து, பின்னர் வெளியே நடுதல் வேண்டும். சென்ற ஆண்டு ஏப்ரில் முடிவிலே நல்ல வெயில் கண்டு, மே மாதத் தொடக்கத்தில் அவற்றை வெளியே நட்டிருக்கிறார். இரண்டாம் வாரத்தில் ஓர் இரவு. வானம் தெளிவாய் இருந்தது, காற்று அசையவில்லை. அன்று வெப்பநிலை 3 பாகை செல்சியசுக்குக் கீழே போகாது என்று வானொலி சொல்லியிருந்தது. நீர் உறைவது 0 பாகையிலன்றோ என்று எண்ணி அவர் நிம்மதியாக உறங்கிவிட்டார். விடியப் பார்த்தால் கத்தரியும் மிளகாயும் வெந்நீர் ஊற்றினாற்போல வெந்து கிடந்தன.

அவர் எழுதிய கடிதத்திலே செடி போன துக்கத்தைக் காட்டிலும் வேறொரு துக்கமே மிகுந்திருந்தது. "ஐயா, அடுத்த வீட்டில் ஓர் இத்தாலிய முதியவர் இருக்கிறார். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். அன்று பின்னேரம் அவர் பழைய படுக்கைவிரிப்பு ஒன்றைத் தம் தக்காளி நாற்றுகளின் மேல் தடிகள் ஊன்றிக் கட்டினார். எனக்கும் ஒரு விரிப்பைத் தந்தார். இந்த மெல்லிய துணி என்ன செய்யும், உள்ளே இருப்பதும் வெளியே இருப்பதும் ஒரே காற்றுத்தானே என்று எண்ணி நான் அதை மடித்து வைத்துவிட்டேன். அவருடைய நாற்றெல்லாம் நன்றாக நிற்கின்றன. காற்று 3 பாகையில் இருக்க, என் செடி எப்படி உறைந்தது? துணி எப்படிக் காத்தது?" என்று கேட்டிருந்தார்.

தமிழ்ப் பண்டிதனிடம் கேட்கும் கேள்வியா இது என்று சிலர் நினைக்கலாம். இதற்கு விடை எனக்குத் தருக்க நூலிலே கிடைத்தது என்பதுதான் வேடிக்கை. காண்டல், கருதல் முதலிய அளவைகளைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் மேனாட்டுத் தருக்கத்தையும் சிறிது பார்ப்பதுண்டு. ஜோன் ஸ்ருவட் மில் என்பார் 1843ஆம் ஆண்டில் வெளியிட்ட பெருந்தருக்க நூலிலே, பல நிகழ்ச்சிகளைச் சோதித்து ஒரு பொது உண்மையைத் துணிவது எப்படி என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறார். அந்த எடுத்துக்காட்டு, பனித்துளி எவ்வாறு உண்டாகின்றது என்பதே. அதனைக் கண்டு நிறுவியவர் வில்லியம் சாள்ஸ் வெல்ஸ் என்னும் வைத்தியர். அமெரிக்காவிலே 1757இல் பிறந்து இலண்டனில் வைத்தியம் செய்தவர். 1814இல் பனித்துளியைப் பற்றி ஒரு கட்டுரைநூல் வெளியிட்டு, 1817இல் காலமானவர்.

வெல்ஸ் செய்த சோதனைகள் எவரும் செய்யத்தக்கவை. சிறு சிறு கம்பளிப் பொதிகளை நிறுத்து, இரவிலே தோட்டத்தில் வைத்து, விடியுமுன் மீண்டும் நிறுப்பார். எவ்வளவு நிறை கூடியதோ அவ்வளவு பனி படிந்தது என்பது கணக்கு. ஒரு பலகையைக் கால் நாட்டி உயர்த்தி, அதன் மேற்புறத்தில் ஒரு பொதியையும் கீழ்ப்புறத்தில் ஒரு பொதியையும் வைத்தார். மேலேயுள்ளது மிகுதியும் நனைந்தது. கீழேயுள்ளது சிறிதே நனைந்தது. இது கண்டு, பனி மழைபோல மேலிருந்து வீழ்கின்றது என்று சொல்லிவிடலாமா? அதற்கும் ஒரு சோதனை வைத்தார். இருபுறமும் திறந்த மட்குழாய் ஒன்றைப் புல்லின்மேல் நிமிர்த்தி, அதன் உள்ளே ஒரு பொதியை வைத்தார். மேலிருந்து நேரே வீழ்வதாயின் அப்பொதியும் வெளியிலுள்ளதைப் போலவே நனைதல் வேண்டும். அது அவ்வாறு நனையவில்லை. சுற்றிலும் சுவர் இருந்தமையால் அப்பொதி வானத்தின் சிறு துண்டு ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தது. ஆகவே, எப்பொருள் வானத்தை அதிகமாகப் பார்த்துக்கொண்டிருக்கின்றதோ அப்பொருளே அதிகம் குளிர்கின்றது. குளிர்ந்த அதன்மேலே காற்றிலுள்ள நீராவி துளியாகப் படிகின்றது. இதுவே வெல்ஸ் கண்ட உண்மை.

பனி பெய்கிறது, பனி வீழ்கிறது என்றே தமிழிலும் நாம் வழங்குகிறோம். வழக்கை மாற்றவேண்டியதில்லை. ஞாயிறு எழுந்தது என்று சொல்வதால் வானநூல் கெட்டுப்போவதில்லை. ஆனால் பனித்தல் என்னும் வினைக்கு நடுங்குதல் என்றொரு பொருள் உண்டென்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். முதலில் பொருள் குளிர்கின்றது. அதன் பின்னரே அதன்மேல் நீர் அரும்புகின்றது.

இனிக் கடிதத்தின் முதற் கேள்விக்கு வருவோம். நிலமும் புல்லும் இலையும் பகலிலே வெயிலை வாங்குகின்றன. இரவிலே தம் வெப்பத்தைக் கதிராக வானத்துக்கு விடுகின்றன. மேகம் மூடியிருந்தால், அம்மேகம் தன் பங்குக்கு வெப்பக்கதிரைக் கீழே அனுப்பும். கொடுத்ததிலே பெரும்பகுதி திரும்பி வந்துவிடும். காற்று வீசினால், மேலேயுள்ள சூடான காற்றுக் கீழேயுள்ளதோடு கலந்து இழப்பை ஈடுசெய்யும். மேகமும் இல்லை, காற்றும் இல்லை என்றால் இலைக்கு வருவாய் இல்லை. செலவு மாத்திரமே உண்டு. வானிலை நிலையத்தார் வெப்பமானியை ஏறத்தாழ ஓர் ஆளின் மார்பளவு உயரத்தில், கூண்டுக்குள்ளே வைத்து அளக்கின்றனர். அங்கே 3 பாகை காட்டும் தெளிந்த இரவில், நிலத்தை ஒட்டி நிற்கும் இலை 0 பாகைக்குக் கீழே போய்விடக்கூடும். வானொலி பொய் சொல்லவில்லை. அது சொன்னது காற்றின் நிலை. செடிக்கு வாய்த்தது இலையின் நிலை.

இலை உறையும்போது உள்ளே நிகழ்வதும் அறியத்தக்கது. உயிரணுக்களுக்கு இடையேயுள்ள வெளியிலுள்ள நீர் முதலில் பனிக்கட்டியாகின்றது. அக்கட்டி உயிரணுக்களின் உள்ளிருக்கும் நீரை வெளியே இழுக்கின்றது. நீரிழந்த உயிரணுவின் மென்றோல் சிதைந்துபோகின்றது. காலையிலே கட்டி உருகும்போது அந்நீரை மீண்டும் ஏற்றுத் தாங்க அவ்வுயிரணுவுக்கு ஆற்றல் இல்லை. இலை துவண்டு கறுக்கின்றது. கோவாவும் பட்டாணியும் இதனை ஒருவாறு தாங்கும். மிளகாய், கத்தரி, தக்காளி, போஞ்சி, பூசணி என்பன வெம்மையிலே பிறந்த இனங்கள், அவை தாங்கா. இவற்றுள் மிளகாயும் தக்காளியும் அமெரிக்காவின் வெப்பப் பகுதிகளிலிருந்தே உலகுக்கு வந்தவை. அங்கிருந்து நம் ஊருக்கு வந்து, நம்மவரோடு மீண்டும் அந்தக் கண்டத்துக்கே போய், ஆனால் அதன் குளிர்ந்த மூலையிலே நிற்க நேர்ந்த விதியை என்னென்பது!

துணி எவ்வாறு காத்தது என்னும் இரண்டாம் கேள்விக்கு வெல்ஸே நேரான விடை தந்திருக்கிறார். அந்த விடையிலே அவருடைய பெருந்தன்மையும் வெளிப்படுகின்றது. தோட்டக்காரர்கள் மென்செடிகளைக் காப்பதற்கு மெல்லிய பாய் விரிப்பதைக் கண்டு, அரைகுறை அறிவின் செருக்கினால் தாம் பலமுறை நகைத்ததுண்டென்று அவர் எழுதுகிறார். வெளிக்காற்று எவ்வளவு குளிரோ அவ்வளவு குளிர் பாயினுள்ளும் வந்துவிடுமே என்பது அவர் முன்னர்க் கொண்ட எண்ணம். நம் மாணவர் கொண்ட எண்ணமும் அதுவே. பின்னர், தெளிந்த இரவிலே செடியானது காற்றைக் காட்டிலும் மிகுதியாகக் குளிர்கின்றது என்பதை அறிந்ததும், பாயின் பயன் அவருக்கு விளங்கிற்று. வானத்துக்கும் செடிக்கும் இடையே அது ஒரு திரை. செடி விடும் வெப்பத்தைத் திரை வாங்கித் தானும் கீழ்நோக்கி வெப்பம் விடுகின்றது. நிலத்திலிருந்து எழும் சூட்டையும் உள்ளே தேக்குகின்றது. மெல்லிய கைக்குட்டை ஒன்றை நாலு சிறு தடிகளின்மேல், புல்லுக்குச் சிறிது உயரத்தில் இழுத்துக் கட்டிப் பார்த்தார். அதன் கீழுள்ள புல், வெளியிலுள்ள புல்லைக் காட்டிலும் பல பாகை வெம்மையாய் இருந்தது. துணி புல்லைத் தொட்டுக் கிடக்கும்போது இருந்த பயன், சிறிது விலகி நின்றபோது இருந்த பயனிலும் குறைவென்பதையும் கண்டார். அந்த இத்தாலிய முதியவர் தடிகள் ஊன்றிய காரணம் இதுதான். அவருக்குக் காரணம் தெரியாதிருக்கலாம், காரியம் தெரிந்திருந்தது.

இவ்விடத்தில் ஆசிரியர்களாகிய நாம் சிறிது நின்று சிந்திக்கலாம். பௌதிகம் படித்த மாணவனுக்கு வெப்பக்கதிர் என்னும் பாடம் தெரியாததன்று. வினாத்தாளில் வந்திருந்தால் நன்றாகவே எழுதியிருப்பான். அந்தப் பாடமும் அடுத்த வீட்டுப் படுக்கைவிரிப்பும் ஒன்றே என்பது அவனுக்குத் தெரியவில்லை. படிப்பில்லாதவன் செய்யும் காரியம் ஒன்று நமக்குப் பொருந்தாததாகத் தோன்றும்போது, ஏன் செய்கிறான் என்று கேட்பது கல்வி. 'உனக்கென்ன தெரியும்' என்று திரும்பிக்கொள்வது கல்வியின் நிழல். அந்நிழலிலே வளர்ந்த ஒருவர் தம் நகைப்பை நூலிலே எழுதி வைத்து, அதன்மேலேயே உண்மையை நிறுவினார் என்பதனால்தான் வெல்ஸ் நமக்கு ஆசிரியராகிறார்.

காப்பின் முறைகளை இனித் தொகுத்துச் சொல்வேன். காரணம் அறிந்தவனுக்கு முறைகளை மனனஞ் செய்யவேண்டியதில்லை. ஒவ்வொன்றும் தானே வந்து நிற்கும்.

திரையைப் பொழுது சாயுமுன் கட்டுதல் வேண்டும். நிலத்தின் சூடு போனபின் மூடுவது, மாடு போனபின் பட்டியை அடைப்பது போலாம். ஓரங்கள் நிலத்தைத் தொடவேண்டும்; இலையைத் தொடலாகாது. துணி, சாக்கு, பாய், கடகம், வாளி எதுவும் உதவும். மெல்லிய பொலித்தீன் தாளுக்கு ஒரு குறையுண்டு: வெப்பக்கதிர் அதனூடாகப் பெரிதும் புகுந்து போய்விடும்; அது தொட்ட இலையும் கருகும். கண்ணாடியோ அக்கதிரைத் தடுக்கும். விடிந்து வெயில் ஏறியதும் திரையை நீக்குதல் வேண்டும். இன்றேல் இரவில் தப்பிய செடி பகலில் புழுங்கி மாயும்.

மண் காய்ந்திருந்தால் பகலிலே நீர் விடவேண்டும். ஈரமண் வெயிலின் சூட்டை மிகுதியாக வாங்கிவைத்து இரவிலே மெல்லக் கொடுக்கும். வைக்கோலைத் தடிப்பாகச் செடியின் அடியிலே பரப்புவது கோடையில் நன்று. உறைபனி இரவில் நன்றன்று. அது மண்ணின் சூட்டை மண்ணிலேயே அடைத்து, மேலே நிற்கும் செடிக்கு எட்டாமற் செய்துவிடும். செடியை மூடுவதும் மண்ணை மூடுவதும் வெவ்வேறு.

இடமும் அறிதல் வேண்டும். குளிர்ந்த காற்றுக் கனமானது. நீர்போலவே பள்ளம் நோக்கி ஓடித் தேங்கும். சரிவின் அடியிலே மதில் எழுப்பினால் அது குளிருக்குக் கட்டிய அணையாகும். தென்புற வெயிலை வாங்கும் சுவரோரம் குளிர்நாட்டிலே மென்செடிக்கு உகந்தது. வாடைபோல் வீசும் காற்றைத் தடுப்பதற்கு, முழுதும் அடைத்த மதிலைக் காட்டிலும் இடைவெளியுள்ள வேலி சிறந்தது. அடைத்த மதிலின் மேலேறிய காற்று அப்பாலே சுழன்று விழும். இடைவெளியுள்ள வேலி அதனைச் சலித்துத் தணித்துவிடும். நம்மூர்ப் பனைமட்டை வரிச்சு வேலியைக் கட்டியவர் இதை அறிந்தே கட்டினார் போலும். ஆனால் உறைகுளிர்க் காற்றே ஊரெல்லாம் வந்து வீசும் இரவிலே இந்த விரிப்பும் வேலியும் போதா. கிண்ணத்து நாற்றைத் தூக்கி வீட்டுக்குள் வைப்பதே வழி.

இக்காப்புக்குப் பழைய வரலாறும் உண்டு. கி.பி. 14 முதல் 37 வரை உரோமாபுரியை ஆண்ட திபேரியுசு மன்னனுக்கு வெள்ளரிக்காயில் மிக்க விருப்பமாம். அவனுடைய தோட்டக்காரர் வெள்ளரியைச் சில்லுப் பூட்டிய பெட்டிகளிலே நட்டு, வெயிலுக்கு வெளியே உருட்டி, குளிருக்கு ஒளிபுகும் கற்றகட்டின் கீழே வைத்தனர் என்று பிளினி எழுதியிருக்கிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே பாரிசு நகரைச் சூழ்ந்த மரக்கறித் தோட்டங்களில் மணிவடிவான கண்ணாடி மூடிகள் வரிசை வரிசையாக இருந்தன. ஒவ்வொரு நாற்றுக்கும் ஒரு மூடி. பகல் வெயில் ஏறியதும், படிப்படியாக வெட்டிய சிறு தடியினால் மூடியின் ஒரு பக்கத்தை முட்டுக்கொடுத்து உயர்த்துவர். வெயில் ஏற ஏற ஒரு படி உயர்த்துவர். சாயச் சாய ஒரு படி இறக்குவர். ஆயிரம் மூடிகளுக்கும் இந்த உபசாரம் நாள்தோறும் நடந்தது. தாய்மார் செய்யும் தொண்டு என்றே இதனைச் சொல்லத் தோன்றுகிறது.

எந்நாளில் வெளியே நடுவது என்பதற்கு அந்நாட்டார் பஞ்சாங்கமும் வைத்திருக்கின்றனர். மே மாதம் 11 முதல் 15 வரை மமெர்ற்றஸ், பங்கிராஸ், சேர்வாற்றியஸ், பொனிபாஸ், சோபியா என்னும் அடியார்களின் திருநாள்கள் வருகின்றன. ஜேர்மனி முதலிய நாடுகளிலே இவர்களைப் 'பனிக்கட்டி அடியார்கள்' என்றே அழைப்பர். இறுதியில் வரும் அம்மையாருக்குக் 'குளிர்ந்த சோபியா' என்று பெயர். அவர் நாள் கழியுமுன் போஞ்சியையும் தக்காளியையும் வெளியே நடாதே என்பது முதியோர் வாக்கு. இதிலே ஒரு நுட்பம் உண்டு. 1582ஆம் ஆண்டிலே பாப்பரசர் கிரகோரியார் நாட்காட்டியைத் திருத்தியபோது பத்து நாள்கள் தள்ளப்பட்டன. பழைய கணக்கில் மே 11 ஆயிருந்த நாள் புதிய கணக்கிலே மே 21 ஆயிற்று. அடியார்களின் தேதிகளோ மாறவில்லை. ஆகவே பழையோர் கண்ட குளிர்நாள்கள் இப்போதைய மே 21ஐ ஒட்டியவை என்று கொள்ளவேண்டும். வாக்கியம், திருக்கணிதம் என இரண்டு பஞ்சாங்கம் வைத்து வாதாடும் நமக்கு இது விளங்காததன்று. கனடாவிலே மே 25க்கு முன்வரும் திங்கட்கிழமை விக்ரோறியா மகாராணியாரின் பெயரால் விடுமுறையாகும். ரொறன்ரோப் பகுதியிலே பலர் அந்நாள் கழிந்த பின்னரே மென்செடிகளை வெளியே நடுகின்றனர். இரு கணக்கும் ஏறத்தாழ ஒரே கிழமையில் வந்து பொருந்துவதைக் காண்க.

உறைபனி நமக்கு முற்றிலும் அந்நியம் என்றும் எண்ணலாகாது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவிலே தை மாசி மாதங்களில், வானம் வெளித்து காற்று அடங்கிய இரவுகளில், புல்லின்மேல் வெண்பனி உறைவதுண்டு. சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர் 1848ஆம் ஆண்டளவில் குடியேறி மேனாட்டு வேளாண்மையைத் தொடங்கிய இடம் அது. இன்று கோவாவும் கரட்டும் லீக்சும் உருளைக்கிழங்கும் அங்கிருந்து நாடெங்கும் வருகின்றன. அங்கும் பள்ளத்திலுள்ள பாத்தியே முதலில் கருகும். மரத்தின் கீழ் நிற்கும் செடி தப்பும். மலையகத்திலே தேயிலை வரிசைகளின் ஓரத்தில் சிறு மரக்கறிப் பாத்தி வைத்திருக்கும் நம் சகோதரர்கள் வெல்சின் நூலைப் படித்தவர்கள் அல்லர். ஆனால் தெளிந்த வானத்தைக் கண்டால் அஞ்சவேண்டும் என்பதை அறிவார்கள்.

யாழ்ப்பாணத்திலே உறைபனி இல்லை. இங்கே நாற்றுக்குப் பகை வெயில். நாற்றுமேடைக்கு மேலே கிடுகையோ ஓலையையோ சாய்த்து வைப்பதும், பொழுதுபடும் வேளையிலே பிடுங்கி நடுவதும், நட்ட கன்றுக்குப் பூவரசங்குழை குத்தி நிழல் செய்வதும் நம் கமக்காரர் வழக்கம். அங்கே இரவில் மூடிப் பகலில் திறக்கின்றனர்; இங்கே பகலில் மூடி இரவில் திறக்கின்றனர். முறை தலைகீழானாலும் நோக்கம் ஒன்றே. வானத்துக்கும் குருத்துக்கும் இடையே, அக்குருத்துத் தானே தாங்கும் காலம் வரும்வரையும், ஒரு திரை வேண்டும்.

வள்ளுவர் உழவதிகாரத்திலே நீர்ப்பாய்ச்சலுக்கும் மேலாகக் காவலை வைத்தார். உரைகாரர் அதனைப் பட்டிமாடு முதலியவற்றால் அழிவு வாராமற் காத்தல் எனக் கொள்வர். நான் அதனோடு பருவத்தின் ஏமாற்றிலிருந்து காப்பதையும் சேர்த்துக்கொள்வேன். 'காப்பு' என்னும் சொல் அதற்கும் இடங்கொடுக்கும்.

ஆனால் காப்பு எவ்வளவு காலத்துக்கு? யன்னலோரத்திலே வளர்ந்த நாற்றுக்குக் காற்றடியும் கடுவெயிலும் தெரியாது. தண்டு மெலிந்து நீண்டிருக்கும். இலைத்தோல் மென்மையாய் இருக்கும். அதனை ஒரே நாளில் வெளியே நட்டால் உறைபனி வராவிட்டாலும் வாடிப்போகும். ஆதலால் ஒரு கிழமை பத்து நாள் அதற்குப் பயிற்சி கொடுப்பர். முதல்நாள் நிழலிலே ஒரு மணிநேரம், மறுநாள் இரண்டு மணிநேரம், பின்னர் இளவெயில், பின்னர்க் காற்று, இறுதியிலே குளிர் குறைந்த ஓர் இரவு. நீரையும் சிறிது குறைப்பர். இலைத்தோல் தடித்து, தண்டு உரம்பெறும். மறுபுறத்தில், வெளியே நட்டபின்னும் அச்சத்தால் இரவும் பகலும் மூடியே வைத்தவனுடைய செடி வெளிறிக் கிடக்கும். காப்பில்லாமற் கெட்டதும் உண்டு. காப்பாற் கெட்டதும் உண்டு.

பிள்ளைத்தமிழ் பாடியவர்கள் இதனை நன்கு அறிந்திருந்தனர். பத்துப் பருவங்களுள் முதலாவது காப்பு, ஆறாவது வருகை. தெய்வங்களையெல்லாம் அழைத்துக் குழந்தையைக் காக்குமாறு வேண்டிய அதே நா, சில திங்களின்பின் அக்குழந்தையைத் தளர்நடையிட்டுத் தன்னிடம் வருமாறு அழைக்கின்றது. விழுந்துவிடுவான் என்று அஞ்சித் தூக்கியே வைத்திருந்தால் வருகைப் பருவம் என ஒன்று இராது. தாய்மாருக்கும் ஆசிரியர்மாருக்கும் உள்ள கடினம் இதுவே: எந்நாளில் மூடுவது, எந்நாளில் திறப்பது என்று நாள்தோறும் வானத்தைப் பார்த்துத் துணியவேண்டும். அதற்கு ஒரேயடியான விதி எந்நூலிலும் இல்லை.

என் மாணவருக்கு நான் எழுதிய விடை நீளமானதன்று. வானம் தெளிந்து காற்று அடங்கிய நாளில், வானொலி 5 பாகை என்றாலும் மூடுக. தடி ஊன்றி மூடுக. காலையில் மறவாது திறக்க. மிளகாயும் கத்தரியும் 10 பாகைக்குக் கீழே நிற்கும் இரவுகளிலே உறையாவிட்டாலும் வளர்ச்சி குன்றும் ஆதலால், ஜூன் தொடக்கம்வரை பொறுத்து நட்டாலும் நட்டமில்லை என்று எழுதினேன். அந்த முதியவர் தந்த விரிப்பைத் துவைத்துத் திருப்பிக் கொடுக்கும்போது, இன்னும் என்னென்ன செய்வீர்கள் என்று அவரிடம் கேட்டு எழுதி அனுப்புமாறும் சொன்னேன். அவர் அறிந்தவற்றுள் எத்தனைக்கு நூல்களிலே காரணம் இருக்கின்றதென்று பார்க்க விரும்புகிறேன்.